முகூர்த்த நாளில் நிற்காத வண்டி

நீங்கள் நான்கு பேரும் எங்களோடு சேர்ந்து எழுத வருவதில் எனக்கு மகிழ்ச்சி. பதிவை எப்படி ஏற்றுவது, படத்தை எங்கே வைப்பது என்பதையெல்லாம் மற்றவர்கள் சொல்லித் தருவார்கள். அரை மணி நேர வேலை. நான் இந்த வலைப்பதிவின் பொறுப்பிலிருந்து விலகிவிட்டேன். இனி மாதத்துக்கு ஒரு பதிவு எழுதுவதோடு சரி. விலகுகிறவனுக்கு ஒரு கட்டுரை அளவுக்குப் பேச உரிமை உண்டு என்று வைத்துக்கொண்டு, இங்கே நான் செய்த பெரிய தவறு ஒன்றைச் சொல்கிறேன். சின்னத் தவறுகள் நிறைய உண்டு. அவற்றை நீங்களே செய்து தெரிந்துகொள்ளலாம்.

சேலத்தில் ஒரு நாளிதழின் செய்தி மேசையில் முப்பத்திரண்டு வருடம் இருந்தேன். அடையாள அட்டையில் துணை ஆசிரியர் என்று போட்டிருக்கும். உண்மையான வேலை, மற்றவர்கள் எழுதியதை வெட்டுவது. எடப்பாடி நிருபர் நாற்பது வரி அனுப்புவார், பக்கத்தில் பன்னிரண்டு வரிக்கு இடமிருக்கும். இருபத்தெட்டு வரியை எடுக்க வேண்டும், செய்தியும் பிழைத்திருக்க வேண்டும். எனக்கு மேலே இருந்த தலைமைத் துணை ஆசிரியர், வெற்றிலை போட்ட வாயைத் திறக்காமலே பேசக்கூடியவர், முதல் வாரத்தில் ஒன்று சொன்னார்: "நீ வெட்டின வரிய எவனும் தேடமாட்டான். வெட்டாம விட்டியே, அதத்தான் புடிச்சுக்குவான்."

அவர் சொன்னது முப்பத்திரண்டு வருடமும் சரியாக இருந்தது. எந்த நிருபரும் தொலைபேசியில் கூப்பிட்டு என் வரி எங்கே என்று கேட்டதில்லை. கேட்டுப் பயனில்லை என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அது எனக்கு ஓய்வு பெற்ற பிறகுதான் உறைத்தது.

வலைப்பதிவு தொடங்கும் யோசனை கந்தசாமியுடையது. திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரி வைத்திருப்பவர். வருடத்தில் எட்டு மாதம் சத்தீஸ்கரிலோ மத்தியப் பிரதேசத்திலோ இருப்பார். போகிற ஊரிலிருந்தெல்லாம் எங்கள் நாளிதழின் வாசகர் கடிதப் பகுதிக்கு மூன்று பக்கம் எழுதுவார். நான் அதை நான்கு வரியாக்கிப் போடுவேன். நான் ஓய்வு பெற்ற மூன்றாம் மாதம் எப்படியோ என் எண்ணைப் பிடித்துக் கூப்பிட்டார். "சார், இனி நீங்க வெட்ட முடியாதுங்க. நாமளே ஒரு பிளாக் ஆரம்பிச்சரலாமுங்க" என்றார்.

ஆறு பேர் சேர்ந்தோம். மோகனூரில் கரும்பு போடுகிற ஒருவர், ஒரு பொறியியல் கல்லூரி ஆசிரியர், சேலத்தில் பல் மருத்துவர் ஒருவர், கந்தசாமி, நான், அப்புறம் தேன்மொழி. இந்தக் கதையில் முக்கியமானவர் தேன்மொழிதான். ராசிபுரத்துக்காரர், நெசவுக் குடும்பம். திருச்செங்கோட்டில் ஒரு நூல் கம்பெனி அலுவலகத்தில் வேலை. பதினோரு வருடமாகத் தினமும் பேருந்தில் போய் வருகிறார். அவருடைய பதிவுகள் எல்லாமே பேருந்தின் ஜன்னல் ஓரத்திலிருந்து எழுதப்பட்டவை. எந்த நடத்துநர் எந்தப் பாட்டுக்குத் தாளம் போடுவார் என்பதுவரை அவருக்குத் தெரியும்.

எங்கள் ஏற்பாடு எளிமையானது. அவரவர் எழுத்து அவரவர் பெயரில் வரும். யாரும் யாருக்கும் ஆசிரியர் இல்லை. போடுவதற்கு முன் இன்னொருவர் ஒரு முறை படித்துவிட வேண்டும், அவ்வளவுதான் விதி. ஆறு பேருக்கும் ஒரே கடவுச்சொல். யாருடைய பதிவையும் யாரும் திறக்கலாம். போட்டு முடித்த பதிவை யார் தொடலாம், யார் தொடக் கூடாது என்று நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை. நாளிதழிலிருந்து வந்தவன் என்பதால் என்னைப் பொறுப்பாளர் என்றார்கள். அந்தச் சொல்லை நான் கொஞ்சம் அதிகமாகவே எடுத்துக்கொண்டேன்.

ஒரு நாள் தேன்மொழி, ராசிபுரத்திலிருந்து மல்லசமுத்திரம் வழியாகத் திருச்செங்கோடு போகும் பேருந்துகளின் நேரங்களைத் தொகுத்து ஒரு பதிவு போடலாமா என்று கேட்டார். எனக்குப் பிடிக்கவில்லை. நாம் இலக்கியத் தரமான பதிவு நடத்துகிறோம், பேருந்து நிலையச் சுவரில் எழுதுவதையெல்லாம் இங்கே எழுதுவதா என்று வாதாடினேன். மற்ற நான்கு பேரும் அவர் பக்கம். பதிவு வந்தது. ஒரு மாதத்தில் நிலைமை இப்படி ஆனது: என்னுடைய நீண்ட கட்டுரைகளை நாங்கள் ஆறு பேரும், கல்லூரி ஆசிரியரின் மனைவியும் படித்தோம். தேன்மொழியின் பேருந்து நேரத்தை மல்லசமுத்திரமே படித்தது. வெள்ளைத் தாளில் அச்செடுத்து ஒரு தேநீர்க் கடையில் ஒட்டியிருந்ததை நானே பார்த்தேன். அதன் கீழே நின்றுதான் தேநீர் குடித்தேன். நான் யார் என்று சொல்லிக்கொள்ளவில்லை.

இனி தவறுக்கு வருகிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தபோது அந்தப் பதிவைத் திறந்து படித்தேன். காலை 5.40 வண்டிக்கு எதிரே அவர் இப்படி எழுதியிருந்தார்:

"முகூர்த்த நாளில் இந்த வண்டியை நம்பி நிற்காதீர்கள். வரும்போதே நிரம்பியிருக்கும், மல்லசமுத்திரத்தில் நிறுத்த மாட்டார்கள். அன்றைக்கு மட்டும் 4.50 வண்டியைப் பிடித்துவிடுங்கள்."

செய்தி மேசைக் கண்ணுக்கு இதில் மூன்று குறைகள் தெரிந்தன. நேர அட்டவணை என்றால் நேரம் மட்டும்தான் இருக்க வேண்டும். நிறுத்த மாட்டார்கள் என்பது குற்றச்சாட்டு, எதிர்த் தரப்பைக் கேட்கவில்லை. மூன்றாவது, கைப்பேசித் திரையில் அந்த வரிகள் அட்டவணையை உடைத்துக்கொண்டு அசிங்கமாக நின்றன. மூன்று வரியையும் எடுத்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பதிவு இப்போது சுத்தமாக இருக்கிறது என்று ஒரு நிறைவுகூட வந்தது. தேன்மொழியிடம் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை. முப்பத்திரண்டு வருடத்தில் நான் யாரைக் கேட்டிருக்கிறேன்?

மூன்று வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை. நல்ல முகூர்த்தம். காலை பதினொரு மணிக்குத் தேன்மொழி கூப்பிட்டார். குரல் சரியில்லை. அலுவலக மாடிப்படியில் நின்று பேசுவதாகச் சொன்னார். நடந்ததை அவர் சொன்னபடியே சொல்கிறேன்.

மல்லசமுத்திரத்தில் ராசு என்று ஒருவர். கல்யாணங்களில் பந்தி பரிமாறும் குழு வைத்திருக்கிறார். ஒன்பது பேர், ஆண்களும் பெண்களுமாக, ஒரே நிறத்தில் சட்டை போட்டு இலை போடுவதிலிருந்து இலை எடுப்பதுவரை பார்த்துக்கொள்வார்கள். அதுவரை சுற்றுவட்டாரத்தில் சின்ன விசேஷங்கள்தான் அவருக்குக் கிடைத்துக்கொண்டிருந்தன. முதல் முறையாகத் திருச்செங்கோட்டில் ஒரு பெரிய மண்டபத்தில் வேலை வந்தது. ஆறரை மணிக்கு முதல் பந்தி. வழக்கமாக ஏற்றிப் போகும் வேன் பழுது. பேருந்து நேரம் பார்க்கலாம் என்று தேன்மொழியின் பதிவைத் திறந்தார். 5.40 என்று இருந்தது. ஒன்பது பேரோடு ஐந்தரைக்கே வந்து நின்றார்.

5.40 வண்டி சரியாக 5.43க்கு வந்தது. படிக்கட்டுவரை ஆள். நடத்துநர் கையை விரித்துக் காட்டினார், வண்டி போய்விட்டது. அடுத்த வண்டியில் ஏறி இவர்கள் மண்டபத்துக்குள் நுழைந்தபோது மணி ஏழே முக்கால். அதற்குள் இட்லி ஆறத் தொடங்கி, உட்கார்ந்த பந்தி உட்கார்ந்தபடியே இருந்து, கடைசியில் மாப்பிள்ளையின் தாய்மாமன்மார் மூன்று பேர் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாம்பார் வாளியைத் தூக்கியிருக்கிறார்கள். பெண் வீட்டுக்காரர்களுக்கு அதைவிடத் தலைகுனிவு வேறில்லை. மண்டப மேலாளர் எல்லோர் முன்னாலும் ராசுவைக் கேட்ட கேள்விகளை நான் இங்கே எழுதவில்லை.

பந்தி முடிந்ததும் ராசு நேரே நூல் கம்பெனிக்கு வந்துவிட்டார். பதிவின் அடியில் தேன்மொழி எங்கே வேலை செய்கிறார் என்று இருக்கிறது. அதே நிறச் சட்டையில் ஒன்பது பேரும் பின்னால் நிற்க, "ஏனுங்க அம்மிணி, இந்த பஸ் டைம் எழுதறவீங்க நீங்கதானுங்களா?" என்று மரியாதையாகத்தான் தொடங்கினாராம். பிறகு அலுவலகம் முழுக்கக் கேட்கும்படி, உங்களை நம்பி நின்றதற்குத் தாய்மாமன் கையால் இட்லி போட வைத்துவிட்டீர்களே என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

இதுவரை சொல்லிவிட்டு, தேன்மொழி இதைச் சொன்னார்: "முகூர்த்த நாள்ல அந்த வண்டி நிக்காதுன்னு எனக்குத் தெரியும் சார். அத எழுதுனேன்னுதான் நெனச்சுட்டிருந்தேன். இப்பப் போய்ப் பாக்கறேன், இல்ல. எழுதாமயே எழுதுனதா நெனச்சிருக்கேன். எம் பேரப் போட்டு மன்னிப்புக் கேட்டு ஒரு பதிவு போட்டுட்டு நான் நின்னுக்கறேன் சார். பஸ்ல போறவங்க முகத்துல எப்படி முழிக்கறது?"

நீங்கள் இங்கே என் நிலையில் உங்களை வைத்துப் பாருங்கள். எதிரே இருப்பவர் தன் நினைவையே சந்தேகப்படுகிறார். அவர் எழுதினார் என்பது எனக்கு மட்டும் தெரியும். நான் சொல்ல வேண்டியது, நீங்கள் எழுதினீர்கள், நான் எடுத்தேன் என்பது மட்டும்தான். ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அவசரப்படாதீங்க, நான் பார்க்கறேன்" என்றேன். வைத்துவிட்டேன்.

பார்த்தேன். அதாவது பதிவைத் திறந்து, நான் எடுத்த மூன்று வரியையும் இருந்த இடத்தில் திரும்ப வைத்தேன். இதுவும் செய்தி மேசைப் பழக்கம். முதலில் அச்சாகும் வெளியூர்ப் பதிப்பில் பிழை போய்விட்டால் நகரப் பதிப்பில் சத்தமில்லாமல் சரி செய்துவிடுவோம். காலையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கிறவர் யாரும் இல்லை. வரிகள் வந்துவிட்டன, இனி யாருக்கும் வண்டி தவறாது, தேன்மொழியும் இரண்டு நாளில் மறந்துவிடுவார் என்று கணக்குப் போட்டேன். அப்போது மணி பதினொன்று இருபது.

பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கிறவர் ஒருவர் இருந்தார். ராசுவின் குழுவில் ஒரு பெண், பேருந்தில் ஏறும் முன்பே அந்த அட்டவணையைக் கைப்பேசித் திரையோடு படம் பிடித்து வைத்திருந்தார். இரண்டு மணிக்கு, பதிவின் அடியில், இரண்டு படங்கள் வந்தன. காலையில் எடுத்தது ஒன்று, மதியம் எடுத்தது ஒன்று. கீழே ஒரே கேள்வி: காலையில் இல்லாத எச்சரிக்கை மதியம் எப்படி வந்தது அக்கா?

காலையில் தேன்மொழி ஒரு வரி எழுத மறந்தவர். மதியம் இரண்டு மணிக்கு அவர் ஏமாற்றுக்காரர். முதலாவதை நான் தடுக்கவில்லை, இரண்டாவதை நானே செய்தேன்.

இரண்டு மணி ஐந்து நிமிடத்துக்கு எங்கள் ஆறு பேர் குழுவில் தேன்மொழியின் செய்தி வந்தது. தான் அந்தப் பதிவைத் தொடவில்லை, யார் அந்த வரிகளைச் சேர்த்தது என்று கேட்டிருந்தார். கோபமான சொல் ஒன்றும் இல்லை. ஒருவர் பின் ஒருவராக நான் இல்லை என்றார்கள். மோகனூர்க்காரர் காலையிலிருந்து வயலில் இருப்பதாகச் சொன்னார். பல் மருத்துவர் கையுறையோடு இருப்பதாகச் சொன்னார். கந்தசாமி சத்தீஸ்கரிலிருந்து எழுதினார்: "நானில்லைங்க. எனக்கு இங்க டவரே இல்லைங்க." அதை எந்த டவரில் அனுப்பினார் என்று அப்போது கேட்க எனக்கு வாய் வரவில்லை.

மிச்சம் நான் ஒருவன். குழுவில் எழுதுவதா, அவரைக் கூப்பிடுவதா என்று உட்கார்ந்திருந்தேன். பதினேழு நிமிடம். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததால் தெரியும். அந்தப் பதினேழு நிமிடத்தில் எனக்கு வந்த யோசனைகளில் ஒன்று, தொழில்நுட்பக் கோளாறு என்று எழுதலாம் என்பது. அரசு அலுவலகங்கள் அப்படிச் சொன்னபோது எத்தனை முறை நான் சிரித்திருக்கிறேன்.

கூப்பிட்டேன். எடுத்தது நான், திரும்ப வைத்ததும் நான் என்று சொன்னேன். மூன்று வாரத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்றும் சொன்னேன்.

"அப்ப நான் எழுதியிருந்தேன்" என்றார்.

"எழுதியிருந்தீங்க."

"காலையில இருந்து எனக்குப் புத்தி தடுமாறிப்போச்சோன்னு நெனச்சுட்டு உக்காந்திருக்கேன் சார். ஆபீஸ் லெட்ஜரக்கூட ரெண்டு தடவ சரி பாத்தேன்." பிறகு, "வெட்டுனதுகூடப் பரவால்ல சார். பதினொரு மணிக்கு நான் கூப்பிட்டப்பச் சொல்லியிருக்கலாமில்ல?" என்றார்.

இந்தத் தொழிலில், ஊதியமில்லாவிட்டாலும் இது தொழில்தான், வெட்டுவது ஒரு தவறு என்றால் அதைத் திருத்திவிடலாம். ஒருவர் தன்னையே சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கும்போது உங்களுக்குத் தெரிந்ததை மூடி வைத்தால், அதற்குத் திருத்தம் போட எந்தப் பதிப்பும் கிடையாது.

அன்று மாலையே அந்தப் பதிவின் தலையில் ஒரு குறிப்பு வைத்தோம். முதல் வடிவத்தை நான் எழுதினேன்: "இப்பதிவில் ஓர் எச்சரிக்கை தவறுதலாக விடுபட்டிருந்தது. வருந்துகிறோம்." நாளிதழில் இதைவிட நல்ல திருத்தம் யாரும் போட்டதில்லை என்று நினைத்துக்கொண்டே அவருக்கு அனுப்பினேன். திருப்பி அனுப்பிவிட்டார். "விடுபடலையே சார், நீங்கதான எடுத்தீங்க? வருந்துகிறோம்னா யாரு யாரு சார்? நான் எதுக்கு வருந்தணும்?" என்றார். இரண்டாவது வடிவம் இன்றும் அங்கே இருக்கிறது. தேன்மொழி எழுதியிருந்த எச்சரிக்கையை அவரைக் கேட்காமல் நான் நீக்கினேன், தவறு தெரிந்த பிறகு யாருக்கும் சொல்லாமல் திரும்ப வைத்தேன், இரண்டும் அவருக்குத் தெரியாமல் நடந்தவை என்று, கீழே என் முழுப் பெயரோடு. எழுதும்போது கை கூசியது. போட்ட பிறகு ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பெண் மட்டும் கீழே, சரிங்க தாத்தா என்று எழுதியிருந்தார். எனக்கு அப்போது அறுபத்தொன்றுதான் ஆகியிருந்தது.

தேன்மொழி எழுதுவதை நிறுத்தியே இருந்தார். குறிப்புப் போட்டதால் அவர் பெயர் சரியாகிவிட்டது என்று நான் நினைத்தேன். அவர் அப்படி நினைக்கவில்லை. ஊரில் பதிவைப் படித்தவர்களைவிட, நூல் கம்பெனியில் ராசு சத்தம் போட்டதைக் கேட்டவர்கள் அதிகம். பேருந்தில் ஒரு பூக்காரம்மா, "நீ எழுதுனத நம்பி ஒரு கூட்டமே நின்னுச்சாமே" என்று கேட்டிருக்கிறார். ராசுவைப் பார்த்துப் பேசாமல் தான் எழுத முடியாது, நீங்களும் வர வேண்டும் என்றார் தேன்மொழி.

சனிக்கிழமை மல்லசமுத்திரம் போனோம். ராசு வீட்டு வாசலில் எவர்சில்வர் வாளிகளைக் கவிழ்த்து வைத்து எண்ணிக்கொண்டிருந்தார். நான் நினைத்ததைவிடச் சின்ன வயது, முப்பத்தைந்து இருக்கும். நடந்ததைச் சொன்னேன். எண்ணிக்கையை விடாமலே கேட்டார். முடிந்ததும் தேன்மொழியிடம் திரும்பி, "அம்மிணி, உங்களப் பேசுனது தப்புங்க. ஆபீசுல வந்து சத்தம் போட்டிருக்கக் கூடாதுங்க" என்றார். பிறகு என்னிடம், "உங்க மன்னிப்ப வெச்சு நான் என்னங்க பண்றது? தாய்மாமனுங்க இட்லி போடறத யாரோ போட்டோ புடிச்சு விட்டுட்டாங்க. அந்த மண்டபத்துக்குள்ள இனி நான் எப்படிங்க போவேன்? நீங்க வந்து அந்த மேனேஜர்கிட்டச் சொல்லுங்க" என்றார்.

நியாயமான கோரிக்கை. மூன்று பேரும் திருச்செங்கோடு போனோம். மேலாளர் ஒரு குண்டூசி டப்பாவை முன்னால் வைத்துக்கொண்டு, மூன்று முறை முதலிலிருந்து சொல்லச் சொன்னார். ஒரு கிழவர் கம்ப்யூட்டரில் மூன்று வரியை அழித்ததற்கும் தன் மண்டபத்தில் இட்லி ஆறியதற்கும் என்ன தொடர்பு என்று அவருக்குப் பிடிபடவில்லை. தேன்மொழி தன் கைப்பேசியில் அந்தக் குறிப்பைக் காட்டினார். மேலாளர் அதைச் சத்தமாகப் படித்தார். என் பெயர் வந்த இடத்தில் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "பேரு போட்டு எழுதியிருக்கீங்களே" என்றார். அது அவருக்குப் போதுமானதாக இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாணம் இருக்கிறது, ராசுவே வரட்டும், ஆனால் பந்தி பெரிது, ஒன்பது பேர் போதாது, பதினொரு பேராவது வேண்டும் என்றார்.

"ரெண்டு ஆளுக்கு நான் எங்கீங்க போவேன், முகூர்த்தத்துல?" என்று ராசு இழுத்தார்.

நான் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அதற்குத் தேன்மொழி சிரித்தார். அந்த வாரம் முழுக்க அவர் சிரித்தது அப்போதுதான். தானும் வருவதாகச் சொன்னார்.

எனக்கு அவர்கள் நிறத்தில் ஒரு சட்டை கொடுத்தார்கள். வயிற்றருகே இரண்டு பொத்தான்கள் ஒத்துழைக்கவில்லை. மல்லசமுத்திரத்திலிருந்து 4.50 வண்டியில் எல்லோரும் போனோம். ராசு என்னை நம்பி வாளி எதையும் தரவில்லை. அப்பளமும் தண்ணீரும்தான் என் துறை. மதியச் சாப்பாட்டின் முதல் பந்தியில் ஒரு குறையுமில்லை. எல்லா இலையிலும் ஒரே இடத்தில் அப்பளம் வைத்தேன். கடைசி இலைவரை ஒரு விரல்கூட விலகவில்லை. பக்க அமைப்பில் முப்பத்திரண்டு வருடம் இருந்தவன்.

இரண்டாம் பந்தி நடுவில்தான் அது நடந்தது. வரிசையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. எதிரே பாதி சாப்பிட்ட இலை. சாதம் கொஞ்சம், வடை ஒன்று முழுசாக, கேசரி தொடவே இல்லை. ஆள் எழுந்து போய்விட்டார், இலை அசிங்கமாகக் கிடக்கிறது, வாசலில் அடுத்த பந்திக்கு ஆட்கள் நிற்கிறார்கள். மடித்தேன், எடுத்தேன், தொட்டியில் போட்டேன். மேசையைத் துடைத்தேன். சுத்தமாக இருந்தது.

இரண்டு நிமிடத்தில் தோளில் துண்டோடு ஒரு பெரியவர் வந்தார். கைப்பேசியை மடியில் செருகிக்கொண்டே உட்காரப் போனவர், மேசையைப் பார்த்து அப்படியே நின்றார். போனில் பேசப் போனாராம். கேசரியைக் கடைசியில் சாப்பிடலாம் என்று வைத்திருந்தாராம். "ஏஞ்சாமி, நான் சாப்ட்டு முடிச்சுட்டனா?" என்று என்னைக் கேட்டார். கோபமாகக்கூட இல்லை, தெரிந்துகொள்ளக் கேட்டார்.

ராசு ஓடி வந்து புது இலை போட்டு, எல்லாவற்றையும் முதலிலிருந்து வைத்து, கேசரியை இரண்டு கரண்டி வைத்தார். பெரியவர் சமாதானமானார். பிறகு ராசு என்னைத் தூண் ஓரமாக அழைத்துப் போனார். சத்தம் போடவில்லை. நூல் கம்பெனியில் போட்டதோடு அதை நிறுத்திவிட்டார் போல.

"ஏனுங்க சார்," என்றார், "கேக்காம எடுக்கறதே உங்களுக்குப் பொழப்புங்களா?"

பாயச வாளியோடு போய்க்கொண்டிருந்த தேன்மொழி இதைக் கேட்டுவிட்டார். வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அடக்க முடியாமல் சமையல் கட்டுக்குள் போய்ச் சிரித்தார். அங்கே இருந்தவர்களிடம் என்ன சொன்னாரோ, அங்கிருந்தும் சிரிப்புக் கேட்டது. நான் அப்பளத் தட்டோடு நின்றேன். உண்மையைச் சொன்னால், எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

திரும்பி வரும் பேருந்தில் அவர் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து கைப்பேசியில் எதையோ எழுதிக்கொண்டிருந்தார். மறுநாள் அது பதிவாக வந்தது, பந்தியில் தண்ணீர் ஊற்றுகிற ஒரு பெரிய மனிதரைப் பற்றி. பெயர் போடவில்லை. பொத்தான்களைப் பற்றிப் போட்டிருந்தார். அதைப் போடுவதற்கு முன் எனக்கு அனுப்பி, ஆட்சேபம் உண்டா என்று கேட்டார். உண்டு என்று சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை என்பது இருவருக்கும் தெரியும். இருந்தும் கேட்டார்.

அந்த வாரமே அவர் ஒரு நிபந்தனை வைத்தார். தொடர்ந்து எழுதுகிறேன், ஆனால் எல்லோருக்கும் ஒரே கடவுச்சொல் என்பது வேண்டாம். ஆளுக்கொரு கணக்கு, அவரவர் பதிவை அவரவர்தான் திருத்தலாம். மற்றவர் பதிவில் பிழை கண்டால் அவரைக் கூப்பிட வேண்டும், அவர் எடுக்காவிட்டால் எடுக்கும்வரை கூப்பிட வேண்டும். ஆட்சேபம் இல்லாமல் நிறைவேறியது. கந்தசாமி மட்டும், டவர் இல்லாத இடத்தில் இருக்கும்போது தன்னை எப்படிக் கூப்பிடுவீர்கள் என்று கேட்டார். உங்கள் பிழைகள் காத்திருக்கும் என்று தேன்மொழி பதில் போட்டார்.

ராசு இப்போது அந்த மண்டபத்தின் நிரந்தர ஆள். குழுவில் பதினாறு பேர் இருக்கிறார்கள், வேனும் இரண்டாகிவிட்டது. என்னை மறுபடி கூப்பிடவில்லை.

இன்றிலிருந்து பொறுப்பாளர் தேன்மொழி. உங்கள் பதிவுகளை முதலில் படிக்கப் போகிறவரும் அவர்தான். பயப்பட வேண்டாம், நன்றாகப் படிப்பார். இந்தக் கட்டுரையையும் நேற்று அவருக்குத்தான் அனுப்பினேன். இன்று காலை பேருந்திலிருந்து கூப்பிட்டார். நீளமாக இருக்கிறது, மூன்று இடத்தில் வெட்டலாமா என்று கேட்டார். ஓர் இடத்துக்குச் சரி என்றேன், எடுத்துவிட்டார். மற்ற இரண்டுக்கும் மனம் வரவில்லை, வேண்டாம் என்றேன்.

"சரிங்க சார்" என்று சொல்லி அப்படியே விட்டுவிட்டார்.